காலையில் மட்டும் வயிற்றுவலி, ஸ்கூல் குரூப்பில் கேட்கலாமா?

ஏற்காடு அம்மா: பையன் இரண்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. இரண்டு வாரமாகக் காலையில் கிளம்பும்போது மட்டும் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் விழா போட்டோ, லீவு தகவல் எல்லாம் வருகிறது, பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று மட்டும் தெரியவில்லை. அங்கேயே கேட்டுவிடலாமா?

அஸ்தம்பட்டி அப்பா: குரூப்பில் வேண்டாங்க, ஊருக்கே தெரிந்துவிடும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் காலை உணவு சாப்பிடுகிறானா என்று பாருங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் போடுகிறார்களே, என் மகள் உப்புமா நாளில் தொடாமல் பசியோடு உட்கார்ந்திருப்பாள், அது எங்களுக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற டீச்சர்: கண்ணு, "ஏன் அழற" என்று அவனைக் கேட்காதே. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், இன்டர்வெல்லில் என்ன விளையாடினாய் என்று ராத்திரி படுக்கும்போது கேள், தானாக வரும். பாத்ரூம் போகப் பயந்து அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பு டீச்சரைப் பள்ளி விட்டதும் நேரில் பார். சரிவரவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசு, சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். யாராவது அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று சொன்னால் மட்டும் காத்திருக்காதே, உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணு.

ஏற்காடு அம்மா: நேற்று ராத்திரி கேட்டேன் டீச்சர். பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறதாம், பெரிய பையன்கள் கதவைத் தள்ளுகிறார்களாம். திங்கட்கிழமை நேரில் போகிறேன்.