டிராப்சீட் புல்லு நம்ம ஊர்ல வருமா?

குளச்சல்_செடிப்பைத்தியம்:
அண்ணாச்சிமாரே, அமெரிக்கால எனக்க மச்சான் வீட்டு முன்னாடி ப்ரைரி டிராப்சீட்னு ஒரு புல்லு, நூலு கணக்கா இலை, ஊத்து மாதிரி வளைஞ்சு விழுது, வீடியோ கால்ல பாத்ததுல இருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. விதை கொடுத்து விடட்டான்னு கேக்கான். நம்ம மழைக்கு நிக்குமா?

தக்கலை_தோட்டம்:
கஷ்டம்தான் தம்பி. அது ஸ்போரோபோலஸ் ஹெட்டரோலெபிஸ், வட அமெரிக்கா புல்வெளில உள்ளது. விதைய ஈரத்தோட குளிர்ல கொஞ்ச நாள் வச்சாதான் ஒழுங்கா முளைக்கும், அதுக்கு பிரிட்ஜ் போதும்னு வையுங்க, ஆனா முளைச்சு தூரு கட்ட 3 வருஷம் ஆவும், அங்க பனிக்காலத்துல காஞ்சு கிடக்கத வசந்தம் வரதுக்கு முன்னாடி ஒட்ட வெட்டி விட்டா திரும்ப தளுக்கும். நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை, தண்ணி கெட்டுனா வேரு அழுகிரும். வெளிநாட்டு விதைக்கு பெர்மிட் வேற வேணும், பெட்டில சுருட்டிட்டு வரச் சொல்லாதீங்க.

மணக்குடி_அக்கா:
அதுக்க சொந்தக்காரன் உங்க கடக்கரை மணல்லயே கிடக்கான், ஸ்போரோபோலஸ் வர்ஜினிகஸ். உப்புக்காத்து, வெயிலு எல்லாம் தாங்கும். ஆனா அழகா வளைஞ்சு நிக்காது, தரைக்கடில ஓடிப் படரும், தொட்டில வச்சாதான் அடங்கும். வளைஞ்ச இலைதான் வேணும்னா ராமிச்சம், அதான் வெட்டிவேர் புல்லு, வைங்க, வெட்டோத்தியால வருஷம் ஒருக்கா வெட்டுனா போதும்.

குளச்சல்_செடிப்பைத்தியம்:
ராமிச்சமா! அது அம்மா கிணத்தடில ஏற்கனவே நிக்கி, நாந்தான் களைன்னு பாதிய புடுங்கிட்டேன் 🤦