விக்ஸ் 10-இல் நிற்கும்போது நிஃப்டி ஆப்ஷனை விற்பதா, வாங்குவதா, சும்மா இருப்பதா? (செப்டம்பர் 2025)

சேலம்_சைட்வேஸ்:

இந்தியா விக்ஸ் (நிஃப்டி எவ்வளவு ஏறி இறங்கும் என்று சந்தை எதிர்பார்க்கும் அளவு) 10-ஐ ஒட்டியே கிடக்கிறது. தேசியப் பங்குச் சந்தையின் (என்எஸ்இ) குறியீடான நிஃப்டி 25,000-ஐச் சுற்றி வருகிறது. காலையில் 60 பாயிண்ட் ஏறினால் மதியத்துக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டெலிகிராம் குழுக்களில் ஒரே பேச்சு: “பிரீமியமே இல்லை, செல்லிங் முடிந்தது, இனி பையிங் காலம்.” நிஃப்டி ஏறினால் மதிப்பு கூடும் ஆப்ஷன் கால், இறங்கினால் கூடுவது புட்; அவற்றின் விலைதான் பிரீமியம், அதை வாங்கிக்கொண்டு நகர்வின் ஆபத்தை ஏற்பவர் விற்பவர். அந்த டெலிகிராம் பேச்சை நான் முழுக்க மறுக்கிறேன்.

விக்ஸை 16-ஆல் வகுத்தால் சந்தை எதிர்பார்க்கும் ஒரு நாள் நகர்வு சதவீதத்தில் கிடைக்கும். வருடத்துக்குச் சுமார் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் 16-ஐ ஒட்டி வரும், அதனால் இந்தக் கணக்கு. 10-ஐ வகுத்தால் 0.63%, அதாவது 157 பாயிண்ட். இப்போது பெரும்பாலான நாள்களில் நிஃப்டி அந்த 157-ஐ எட்டுவதே இல்லை. நடக்காத நகர்வுக்கு வாங்குபவர் பணம் கட்டுகிறார், விற்பவர் வாங்கிக்கொள்கிறார். வார ஸ்ட்ராங்கிள் (இப்போதைய நிஃப்டிக்கு மேலே தள்ளி ஒரு கால், கீழே தள்ளி ஒரு புட்) விற்பதற்கு இதைவிட நல்ல நேரம் எது? மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள்.

பவானி_கூடல்:

எண்ணோடே வருகிறேன் சார். 157 என்பது ஒரு சிக்மா, அதாவது ஒரு திட்ட விலக்கம். மூன்றில் இரண்டு நாள் அதை எட்டாமல் இருப்பதுதான் இயல்பு. விக்ஸ் 10 இருந்தாலும் 30 இருந்தாலும் அப்படித்தான். அதை வைத்து விற்பவருக்குச் சாதகம் என்று சொல்ல முடியாது. சராசரி நகர்வைப் பார்க்க வேண்டும். 157-க்குப் பொருந்தும் சராசரி, அதில் ஐந்தில் நான்கு பங்கு, 125 பாயிண்ட். நிஜச் சராசரி அதற்குக் கீழே இருந்தால்தான் நீங்கள் சொல்வது நிற்கும்.

சேலம்_சைட்வேஸ்:

பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். கடந்த ஒரு மாதத்து நாள் முடிவுகளை எடுத்துக் கூட்டி வகுத்துப் பாருங்கள், சுமார் 100 வரும். அதாவது விலையில் இருக்கும் வாலட்டிலிட்டி (ஏற்ற இறக்க அளவு) 10, நடப்பது 8. அந்த இரண்டு விற்பவருடையது. அமைதி ஒரு முறை வந்தால் சில வாரமாவது நீடிக்கும் என்பதும் சந்தையின் பழைய குணம்.

பவானி_கூடல்:

சரி, அந்த இரண்டை ஒத்துக்கொள்கிறேன். நீடிக்காத நாளுக்கு என்ன பதில்?

2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை. நிஃப்டி முடிவு 22,904, விக்ஸ் 13.76. உங்கள் 16 கணக்குப்படி அடுத்த நாள் எதிர்பார்ப்பு 200 பாயிண்ட். திங்கள் காலை 9.15-க்கு டிரம்ப் வரி பயத்தில் நிஃப்டி 21,758-இல் திறந்தது. முந்தைய முடிவைவிட 1,146 பாயிண்ட் கீழே, அதாவது கேப் டவுன். வெள்ளிக்கிழமை 22,900 ஸ்ட்ராடிலை (ஒரே ஸ்ட்ரைக்கில், அதாவது ஒரே ஒப்பந்த விலையில், கால், புட் இரண்டும்) 400 பாயிண்டுக்கு விற்றிருந்தால்கூட, திறந்த நொடியில் புட்டின் உள்மதிப்பு (22,900-க்கும் 21,758-க்கும் உள்ள வித்தியாசம்) மட்டும் 1,140. 740 பாயிண்ட் நஷ்டம், அன்றைய 75 யூனிட் லாட்டுக்கு 55,500 ரூபாய். ஐவியும் (ஆப்ஷன் விலைக்குள் இருக்கும் வாலட்டிலிட்டி) சேர்ந்து ஏறியதால் நிஜத்தில் இதைவிட அதிகம். ஸ்டாப் லாஸ் (இந்த விலை வந்தால் வெளியேறு என்ற ஆர்டர்) போட்டிருந்தாலும் கேப்பில் அது உங்கள் விலைக்கு ஓடாது, திறந்த விலைக்குத்தான் ஓடும். அன்று ஒரே நாளில் விக்ஸ் 22-க்கு மேல் போய்விட்டது.

சேலம்_சைட்வேஸ்:

அது 13.76, இது 10. அதோடு ஏப்ரல் 2-ஆம் தேதியே வரி அறிவிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அமெரிக்கச் சந்தை விழுவதை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வாரத்தில் ஹெட்ஜ் (பாதுகாப்பு) இல்லாமல் ஸ்ட்ராடிலை வீட்டுக்கு எடுத்துப் போனது செல்லிங்கின் குற்றமா, போனவரின் குற்றமா?

நான் ஐயர்ன் காண்டர் போடுகிறேன். 25,350 கால், 24,650 புட் விற்று, இருபுறமும் 200 பாயிண்ட் தள்ளி வாங்கி வைப்பேன். என்ன நடந்தாலும் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, மார்ஜினும் (புரோக்கரிடம் கட்டும் பிணைத்தொகை) பாதிக்குக் கீழே வந்துவிடும்.

பவானி_கூடல்:

முதலில் ஸ்ட்ராங்கிள் என்றீர்கள், இப்போது காண்டர். நல்லதுதான், காண்டரையே பேசலாம். ஐந்து வர்த்தக நாள் மீதியிருக்க, ஐவி 10 என்று வைத்தால், நீங்கள் விற்கும் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 29 ரூபாய், பாதுகாப்புக்கு வாங்கும் தூரத்து ஆப்ஷன், அதாவது விங், 9 ரூபாய். பக்கத்துக்கு 20, இரண்டும் சேர்ந்து 40 பாயிண்ட். புட் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும், அதை விட்டுவிடுவோம். 40 வாங்கி 160-ஐப் பணயம் வைக்கிறீர்கள். நான்கு வாரம் முழுதாக ஜெயித்து ஐந்தாவது வாரம் முழுதாக இடித்தால் கையில் பூஜ்யம். பூஜ்யத்துக்கே ஐந்தில் நான்கு ஜெயிக்க வேண்டும்.

சேலம்_சைட்வேஸ்:

முழுதாக இடிக்கும்வரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? விற்ற ஸ்ட்ரைக்கைத் தொட்டதும் வெளியே வந்துவிடுவேன், 160 எங்கே வரும்? கேப் வந்தால் மட்டும்தான் முழு நஷ்டம், அதுவும் எல்லைக்குள்.

நெல்லை_வேகா:

இரண்டு பேரும் வார ஆப்ஷனை வைத்தே பேசுகிறீர்கள். ஒன்றைக் கவனியுங்கள் தம்பிகளா, இந்தியா விக்ஸை என்எஸ்இ கணக்கிடுவது நிஃப்டியின் நடப்பு மாத, அடுத்த மாத ஆப்ஷன்களின் விலையிலிருந்து. அடுத்த 30 நாளுக்கான எதிர்பார்ப்பு அது. வார ஆப்ஷனின் ஐவி தனியாக நடக்கும். ரிசர்வ் வங்கிக் கூட்டம் இருக்கும் வாரம் விக்ஸ் அசையாமல் இருக்க, வார ஐவி மட்டும் ஏறி நிற்கும். விக்ஸைப் பார்த்து வார ஸ்ட்ராங்கிளை விலை மதிப்பது சரிவராது. ஆப்ஷன் செயினில் (ஸ்ட்ரைக் வாரியான விலைப் பட்டியல்) அந்த ஸ்ட்ரைக்கின் ஐவியைப் பாருங்கள்.

நான் வாங்கும் கட்சி. ஆனால் வார ஆப்ஷன் தொடுவதில்லை. 30 நாள் மீதியுள்ள 25,000 ஸ்ட்ராடில், ஐவி 10-இல் சுமார் 570 பாயிண்ட். ஐவி ஒரு புள்ளி ஏறினால் 57 பாயிண்ட் சேரும், இதுதான் வேகா. ஒரு நாள் கழிந்தால் 9, 10 பாயிண்ட் கரையும், இதுதான் தீட்டா. ஐவி ஒரே ஒரு புள்ளி ஏறுவது ஆறு நாள் தீட்டாவுக்குச் சமம். இப்போது சொல்லுங்கள், 10-லிருந்து விக்ஸ் எவ்வளவு இறங்கும்? எட்டு? நஷ்டம் 115 பாயிண்ட். 15-க்கு ஏறினால் லாபம் 285. இந்த ஏற்றத்தாழ்வு 20-இல் இருக்கும்போது கிடைக்காது.

2024 ஏப்ரல் 23-ஆம் தேதி விக்ஸ் ஒரே நாளில் சுமார் 20% விழுந்து 10.2-க்கு வந்தது. “தேர்தலைப் பற்றிச் சந்தைக்குக் கவலையே இல்லை” என்று அன்று எழுதினார்கள். மே மாதத்தில் அதே விக்ஸ் 20-ஐத் தாண்டியது. ஜூன் 4, வாக்கு எண்ணிக்கை அன்று நிஃப்டி 23,263-லிருந்து 21,884-க்கு விழுந்தது, கிட்டத்தட்ட 6%. ஏப்ரல் கடைசியில் ஜூன் மாத ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு, நிஃப்டி எந்தப் பக்கமும் போகாமல் இருந்தபோதே வேகா காசு கொடுத்துவிட்டது.

சேலம்_சைட்வேஸ்:

அக்கா, தேர்தல் தேதி நாட்காட்டியில் இருந்தது. இப்போது எந்தத் தேதியை நம்பி வாங்குவது? 2023 நடுவில் விக்ஸ் 10-க்கும் 13-க்கும் இடையில் மாதக்கணக்கில் கிடந்தது. மே மாதம் “இதற்குக் கீழே போகாது” என்று வாங்கியவர் ஜூனிலும் வாங்கினார், ஜூலையிலும் வாங்கினார். நாளுக்கு 10 பாயிண்ட் என்றால் ஒரு லாட்டுக்கு 750 ரூபாய், மாதத்துக்கு எவ்வளவு? காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது.

நெல்லை_வேகா:

இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் மாதம் முடியும்வரை வைத்திருக்க மாட்டேன். 30 நாளில் வாங்கி, 15 நாள் மீதியிருக்கும்போது கொடுத்துவிட்டு அடுத்த மாதத்துக்கு மாறுவேன். தீட்டா கடைசி இரண்டு வாரத்தில்தான் பாய்ந்து தின்னும்.

திருச்சி_ஆடிட்:

நான் விற்கும் கட்சியும் இல்லை, வாங்கும் கட்சியும் இல்லை. நண்பர்கள் சிலருடைய காண்ட்ராக்ட் நோட்டுகளை (புரோக்கர் தரும் வர்த்தகச் சீட்டு) வருமான வரிக்காக வருடா வருடம் பார்ப்பவன். விக்ஸ் குறையும்போது அந்த நோட்டுகளில் ஒரு மாற்றம் தெரியும்: லாட் எண்ணிக்கை ஏறும். இந்த விவாதத்தில் யாரும் தொடாத இடம் இதுதான் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

விக்ஸ் 20 இருக்கும் வாரம். ஒரு சிக்மா தள்ளி ஸ்ட்ராங்கிள் விற்றால் ஸ்ட்ரைக்குகள் 700 பாயிண்ட் தள்ளி இருக்கும், இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 117 பாயிண்ட் கிடைக்கும். ஒரு லாட்டுக்கு 8,775 ரூபாய். அதே ஆள் விக்ஸ் 10-இல் அதே ஒரு சிக்மா விற்றால் ஸ்ட்ரைக் 350 பாயிண்ட் தூரத்திலேயே வந்துவிடும், கிடைப்பது 58 பாயிண்ட், 4,350 ரூபாய். வீட்டுச் செலவு பாதியாகவில்லை. அதனால் இரண்டு லாட் போடுகிறார். வருமானம் பழையபடி ஆகிவிட்டது.

இப்போது நிஃப்டி ஒரு வாரத்தில் 700 பாயிண்ட் விழுகிறது என்று வையுங்கள். விக்ஸ் 20-இல் விற்றவருக்கு ஸ்ட்ரைக்கைத் தொட்டு நிற்கிறது, 8,775 முழுதாகக் கையில். விக்ஸ் 10-இல் இரண்டு லாட் விற்றவருக்கு 350 பாயிண்ட் உள்ளே போய்விட்டது, 58 கழித்தால் 292, அதை 150 யூனிட்டால் பெருக்கினால் 43,800 ரூபாய் நஷ்டம். வாரம் ஒன்று, வீழ்ச்சி ஒன்று, எதிர்பார்த்த வருமானமும் ஒன்று. லாட்டும் தூரமும்தான் வேறு. குறைந்த விக்ஸ் ஆபத்தா இல்லையா என்று சண்டை போடுகிறீர்கள். குறைந்த விக்ஸில் பழைய ரூபாயைக் கேட்பதுதான் ஆபத்து.

சேலம்_சைட்வேஸ்:

விக்ஸ் 10-இல் வாரத்தில் 700 என்பது இரண்டு சிக்மா. விக்ஸ் 20-இல் அது ஒரு சிக்மா. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

திருச்சி_ஆடிட்:

இரண்டு சிக்மா என்பது நேற்றைய அமைதியை வைத்துப் போட்ட அளவு. செய்தி வந்த பிறகு சிக்மா மாறிவிடும், உங்கள் பொசிஷன் மாறாது. லாட்டை ஏற்றாமல் பாதி வருமானத்தை ஏற்றுக்கொண்டால் உங்கள் வாதத்தோடு எனக்குச் சண்டையே இல்லை.

மதுரை_புதுசு:

அண்ணா, குறுக்கே கேட்கிறேன். வார ஆப்ஷன் முடியும் நாளான (எக்ஸ்பைரி) செவ்வாய்க்கிழமை மதியம் 5 ரூபாய், 8 ரூபாய்க்கு ஓடிஎம் கால் (நிஃப்டிக்கு மேலே தள்ளி இருக்கும் கால்) கிடைக்கிறதே. 8 ரூபாய் என்றால் லாட்டுக்கு 600 ரூபாய்தான். விக்ஸ் இவ்வளவு குறைவாக இருக்கும்போது அதை வாங்கினால் நஷ்டமும் சின்னதுதானே?

திருச்சி_ஆடிட்:

சின்னதுதான் தம்பி, ஒவ்வொரு செவ்வாயும் சின்னது. அந்த 8 ரூபாய் மலிவு இல்லை, எட்டாத தூரத்துக்குச் சரியான விலை. 2021-22 முதல் 2023-24 வரை எஃப்&ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 93% பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் சொன்னது. 2025 ஜூலையில் வந்த ஆய்வில் 2024-25-க்கு 91%, நஷ்டம் 1,05,603 கோடி. இதில் நீங்கள் கேட்கும் 600 ரூபாய்களும் இருக்கின்றன. வாங்க ஆசையென்றால் அக்கா சொன்ன மாத ஆப்ஷனைப் படியுங்கள், காகிதத்தில் எழுதிப் பாருங்கள், பணம் போடாதீர்கள்.

பவானி_கூடல்:

சேலம் சாரிடம் இன்னொன்று. 2025 செப்டம்பர் முதல் நிஃப்டி எக்ஸ்பைரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியிருக்கிறது. முன்பு சனி, ஞாயிறு வந்தபோது எக்ஸ்பைரிக்கு நான்கு வர்த்தக நாள் மீதியிருக்கும், பிரீமியமும் கையில் தடிமனாக இருக்கும். இப்போது வெள்ளி மாலை இரண்டே நாள் மீதி. ஐவி 10-இல் ஸ்ட்ராடில் 180 பாயிண்டுக்குக் கீழே. திங்கள் காலை 300 பாயிண்ட் கேப் வந்தால் 120-க்கு மேல் நஷ்டம், அட்ஜஸ்ட் செய்ய ஒன்றரை நாள்தான். காமா (நிஃப்டி நகர நகர ஆப்ஷன் விலை வேகமெடுக்கும் அளவு) உச்சத்தை நெருங்கும்போது வாரக்கடைசி வருகிறது. பழைய பேக்டெஸ்ட் (கடந்த கால விலைகளில் உத்தியைச் சோதிப்பது) எல்லாம் வியாழன் எக்ஸ்பைரிக்கு எடுத்தது. அதை வைத்து இன்று விற்க முடியாது.

சேலம்_சைட்வேஸ்:

இதற்கு மறுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை விங்ஸ் இல்லாமல் எதையும் எடுத்துச் செல்வதில்லை என்பது என் விதி. ஆனால் திருச்சி சார் சொன்ன பாதி வருமானம் எனக்குப் போதும், லாட்டை ஏற்றவில்லை, ஏற்றப்போவதும் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டோடு விக்ஸ் 10-இல் விற்பது சரி என்றே இன்னமும் சொல்கிறேன். வேகா அக்கா வாங்குவதும் நான் விற்பதும் ஒன்றாகச் சேருமா என்றுதான் இப்போது யோசிக்கிறேன். வார 25,000 ஸ்ட்ராடிலை விற்று, அடுத்த மாத ஸ்ட்ராடிலை வாங்கினால்?

நெல்லை_வேகா:

அது காலண்டர் ஸ்ப்ரெட், இந்தச் சந்தைக்குப் பொருந்தும். நிஃப்டி அசையாவிட்டால் வாரம் வேகமாகக் கரையும், மாதம் மெதுவாகக் கரையும். ஐவி ஏறினால் மாதத்தில் நீங்கள் வாங்கியது கைகொடுக்கும். நஷ்டம் வருவது இரண்டு இடத்தில்: நிஃப்டி 25,000-ஐ விட்டு வெகுதூரம் ஓடினால், அல்லது மாத ஐவி இன்னும் சரிந்தால்.

மார்ஜினில் மட்டும் கவனம். 2025 பிப்ரவரியிலிருந்து எக்ஸ்பைரி அன்று காலண்டர் ஸ்ப்ரெட்டுக்கு மார்ஜின் சலுகை கிடையாது. அன்றைக்கு முடியும் ஷார்ட் ஆப்ஷனுக்கு 2% கூடுதல் மார்ஜினும் உண்டு. செவ்வாய் காலை கணக்கில் பணம் போதாமல் நின்றால் புரோக்கர் அவருக்குத் தோன்றிய பக்கத்தை மூடிவிடுவார்.

சேலம்_சைட்வேஸ்:

அப்படியானால் திங்கள் மாலையே வார ஸ்ட்ராடிலை மூடி, அடுத்த வாரத்துக்கு விற்றுக்கொள்ள வேண்டும்?

நெல்லை_வேகா:

ஆமாம் தம்பி, திங்கள் 3 மணிக்குள். கடைசி நாள் தீட்டா போகட்டும், அதற்கு ஆசைப்படாதீர்கள். முதல் முறை ஒரு லாட்டோடு செய்யுங்கள். 25,000-ஐ விட்டு 250 பாயிண்ட் நகர்ந்தால் செவ்வாய் வரை காத்திருக்காமல் முழுதாக மூடிவிட்டு, புது ஸ்ட்ரைக்கில் ஆரம்பியுங்கள்.