முதன்முறையாக 5 கிலோமீற்றர் ஓடவிருக்கும் பதினாறு பேரை எப்படித் தயார்ப்படுத்துவது?

வினா: கிளைச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளையிலிருந்து பதினாறு பேர், வரும் மார்ச் இரண்டாம் ஞாயிறு காலிமுகத்திடலில் தொடங்கும் 5 கிலோமீற்றர் நிதி திரட்டும் ஓட்டமொன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சேரும் பணம் வைத்தியசாலை ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகிறது. ஏழு பேர் பெண்கள். வயது 23 முதல் 58 வரை. பாடசாலைக் கால இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பிறகு இவர்களில் எவருமே ஓடியதில்லை. நான் சில ஆண்டுகளாக ஓடி வருவதால் பயிற்சிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடந்த ஞாயிறு மாலை நாலரை மணிக்கு எல்லோரையும் காலிமுகத்திடலுக்கு வரவழைத்து, "மெதுவாக ஒரு சுற்று ஓடிப் பார்ப்போம்" என்றேன். இளைஞர் மூவர் பட்டம் விடும் பிள்ளைகளுக்கும் இறால் வடை வண்டிகளுக்கும் நடுவே பாய்ந்தோட, மற்றவர்களும் மானத்தைக் காக்க அவர்கள் பின்னால் ஓடினார்கள். மூன்றாவது நிமிடத்தில் எல்லோரும் முழங்காலில் கை ஊன்றி நின்றார்கள். ஒருவர் கடலோரக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வாந்தி எடுத்தார். அன்றிரவே இருவர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். பிழை என்னுடையது என்பது தெரிகிறது, ஆனால் எந்த இடத்தில் பிழைத்தேன் என்பது தெளிவாகவில்லை. ஏழு வாரங்களில் இவர்களை 5 கிலோமீற்றர் ஓட வைக்க முடியுமா? எங்கே, எந்த நேரத்தில் பழக்குவது?

மறுமொழி 1: தெகிவளை ஓட்டக்காரன்

செயலாளர் அவர்களே, "மெதுவாக" என்று நீங்கள் சொன்னது உங்கள் வேகத்தில் மெதுவாக இருந்திருக்கும். ஓடியே பழகாதவருக்கு மெதுவான ஓட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அவர் அறிந்தது பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஓட்டம் ஒன்றுதான். எனவே முதல் இரண்டு வாரங்களும் நீங்கள் கற்பிக்க வேண்டியது வேகத்தைக் குறைப்பதையே. பக்கத்தில் ஓடுபவரிடம் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். முழு வாக்கியத்தில் பதில் வந்தால் வேகம் சரி, "பாண்" என்று ஒற்றைச் சொல் மட்டும் வந்தால் உடனே குறைக்கச் சொல்லுங்கள்.

இடைவிடாத ஓட்டத்தைப் பொறுத்தவரை, 1996ஆம் ஆண்டு ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பது வயதைக் கடந்த தம் தாயாரையும் மனத்தில் வைத்து எழுதிய புகழ்பெற்ற 5 கிலோமீற்றர்த் திட்டமே ஒன்பது வாரங்களைக் கேட்கிறது. உங்களிடம் ஏழுதான் இருக்கிறது. ஆகவே எல்லோரும் நிற்காமல் ஓட வேண்டும் என்ற எண்ணத்தை இன்றே கைவிட்டு, ஓட்டமும் நடையும் கலந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெப் கலோவே பரப்பிய முறை இது. கிளார்க்கின் திட்டமும் முதல் வாரத்தில் ஐந்து நிமிட நடைக்குப் பிறகு 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று இருபது நிமிடங்களுக்கே போகிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிலோமீற்றரை எட்டு நிமிடத்தில் கடக்கும் வேகத்தில் ஒரு நிமிடம் ஓடி, ஒன்றரை நிமிடம் விரைந்து நடந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 260 மீற்றர் வருகிறது. அதையே இருபது முறை செய்தால் 50 நிமிடங்களுக்குள் 5 கிலோமீற்றர் முடிந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறாம் வாரத்தில் மூன்று நிமிட ஓட்டம் வரை கொண்டுபோனால் போதும். கடைசி வாரத்தில் பயிற்சியைப் பாதியாக்கிவிடுங்கள். வாரத்துக்கு மூன்று நாள்கள், அவற்றுக்கிடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு.

மாலை நேரத்தை விட்டுவிடுங்கள், பகல் வெயிலின் சூடு அப்போது தணிந்திருக்காது. கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை வழிகிறதே ஒழிய எளிதில் ஆவியாவதில்லை. அது ஆவியானால்தான் உடல் குளிரும். அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஜனவரியில் சூரியன் ஆறரை மணியளவில்தான் எழுகிறது என்பதால் அதிகாலை 5.45க்குத் தொடங்குவது நல்லது. சுதந்திர சதுக்கத்தில் அந்நேரம் நடப்பவர்கள் ஏராளம், பெண்களும் தயக்கமின்றி வரலாம். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் வார நாள்களில் கடலோர வீதியில் பழகிக்கொள்ளட்டும். காலி வீதியில் மட்டும் வேண்டாம், பஸ் புகையை விழுங்கிக்கொண்டு ஓடுவதைவிட வீட்டில் இருப்பது மேல்.

மறுமொழி 2: இயன்மருத்துவர், கொழும்பு 6

மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். என் தொழிலைச் சார்ந்த சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாற்பதைக் கடந்தவர்களில் நீரிழிவு, குருதி அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனித்தனியே, மற்றவர்கள் முன்னிலையில் அல்லாமல் கேட்டறியுங்கள். அவர்கள் தம் வைத்தியரிடம் கேட்டபின் ஓடட்டும். இன்சுலின் எடுப்பவர்கள் சட்டைப் பையில் இனிப்பு வைத்திருக்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. வெப்பத்தில் ஓடும் ஒருவர் தடுமாறிப் பேசினால் நிழலில் கிடத்தி, நீரூற்றி விசிறிக்கொண்டே 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம்.

மூன்றாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கிறது என்று யாராவது வருவார். இரு கால்களிலும் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கியதும் தணியும் வலி பெரும்பாலும் பழக்கமின்மையால் வருவது. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில், ஓட ஓடக் கூடுகிற வலி வேறு வகையானது, அவரை நிறுத்தி எங்களிடம் அனுப்புங்கள். சப்பாத்தை இந்த வாரமே வாங்கச் சொல்லுங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகல இடைவெளி விட்டு வாங்குவது நல்லது. ஓட்டத்தன்று புதுச் சப்பாத்துக் கூடவே கூடாது.

மறுமொழி 3: பம்பலப்பிட்டியான்

நடப்பதற்கு எதற்கு நன்கொடை? ஓடுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டுப் பாதித் தூரம் நடந்தால் கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

மறுமொழி 4: கடைசியாக வந்தவள்

பம்பலப்பிட்டி அண்ணாவுக்கு: 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள்கள் நடந்துதான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். கொடுத்தவர்கள் எவரும் அவர்களை ஓடச் சொல்லவில்லை.

செயலாளர் அண்ணா, ஓட்ட நாளைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஓர் ஓட்டத்தில் நான் கடைசியாக வந்தேன். ஆறு மணிக்குத் தொடங்குவதாக அறிவித்திருந்தார்கள். விளக்கேற்றி, பிரதம விருந்தினரும் சிறப்பு விருந்தினரும் பேசி முடிக்க ஏழு மணியாகிவிட்டது. அதுவரை நின்றதிலேயே களைத்துவிட்டேன். என் அலுவலகத்தார் எல்லோரும் முன்னால் போய்விட, நான்காவது கிலோமீற்றரில் என்னுடன் வந்தது பாதையை மூடக் காத்திருந்த பொலிஸ் மோட்டார் சைக்கிள் மட்டுமே. நான் முடிவிடத்தை அடைந்தபோது ஒரு பையன் ஏணியில் ஏறிப் பதாகையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ப் போத்தல்கள் தீர்ந்திருந்தன. கீழ்மாடியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் மட்டும், இரண்டு கதலிப் பழங்களையும் ஒரு போத்தல் ஜீவனி உப்பு-சர்க்கரைக் கரைசலையும் மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாவது முறை ஓடியதற்கு அவரே காரணம்.

ஆகையால், உங்களுக்கு நேரப் பதிவு ஆசை எதுவும் இருந்தால் அன்றைக்கு மட்டும் அதை மறந்துவிட்டு, கடைசி ஆளுடன் நீங்களே ஓடுங்கள். அவருக்கு முன்னால் ஓடாதீர்கள், பக்கத்தில் ஓடுங்கள். உரைகள் நீளும்போது உங்கள் குழுவை நிழலில் உட்கார வைத்து, ஐந்து நிமிடத்துக்கு முன் மட்டும் எழுப்பி நடக்க விடுங்கள். இன்னொன்று, கொடுக்கப்படும் ரீசேட்டை ஒரு முறை துவைத்துப் பயிற்சியில் போட்டுப் பாருங்கள். தையல் உராயும் இடங்களில் வசலின் பூசிக்கொள்ள வேண்டும் என்பதைப் பெண்களுக்குச் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், குழுவில் மூத்த அக்கா ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

வினா எழுப்பியவரின் மறுமொழி: கிளைச் செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சனிக்கிழமை காலை 5.45க்குச் சுதந்திர சதுக்கத்தில் கூடினோம். பிள்ளைகளின் ரியூசன் வகுப்புகளால் மூவர் வரவில்லை, பதினொரு பேர் வந்தார்கள். முதலில் போனில் மணியடித்து நேரம் சொன்னேன், பிறகு யாரும் அதைக் கவனிக்கவில்லை. காரணம், எங்கள் 58 வயதுக் கணக்காளர் ஐயா வலது சட்டைப் பையில் எட்டுத் தீக்குச்சிகளைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஒரு குச்சியை இடது பைக்கு மாற்றி, "இன்னும் ஐந்து" என்று அவர் அறிவிக்க, மற்றவர்கள் அவரையே பார்த்து ஓடினார்கள். அவர்தான் கடைசி. நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிடாமல் வந்ததாக முழு வாக்கியத்தில் சொன்னார். வேகத்தை அடக்கச் சொன்னதற்கு இளைஞர் மூவரும் முணுமுணுத்தார்கள், அவர்களைத் தண்ணீர்ப் போத்தல்கள் சுமக்கச் சொல்லிவிட்டேன்.

குழுவிலிருந்து விலகிய இருவரில் ஒருவர் நேற்றிரவு அழைத்து, அடுத்த சனிக்கிழமைக்கு எத்தனை தீக்குச்சி என்று கேட்டார். இதே எட்டுத்தான் என்றேன்.