வேலியோரத் தூஜா மரங்களில் மூன்று மட்டும் பழுப்பாகின்றன, என்ன செய்யலாம்?

வணக்கம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் தோட்டம் முழுக்கத் தெரியும். மறைப்புக்காக இரண்டு வருடங்களுக்கு முன் வேலியோரம் தூஜா என்ற பசுமை மாறா மரத்தின் ஒன்பது கன்றுகளை நட்டேன். ஆறு நன்றாக இருக்கின்றன, தோள் உயரம் வந்துவிட்டன. தாழ்வான மூலையில் உள்ள மூன்றுதான் கவலை.

உட்புறத்துப் பழைய இலைகள் பழுத்து உதிர்வது இயல்பு என்று தெரியும். ஆனால் இவற்றில் கிளை நுனியே காய்கிறது. வெள்ளைத்தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டிப் பார்த்தேன், சிலந்திப்பேன் எதுவும் விழவில்லை. பைப்புழுக் கூடும் தொங்கவில்லை. அடியில் விரலை விட்டால் மண் எப்போதும் சொதசொதவென்றே இருக்கிறது, அதனால் வேரழுகலோ என்று சந்தேகம். போதாக்குறைக்கு மூடாக்கை (மண்மேல் பரப்பும் இலைதழை, மரத்தூள் போன்றவை) தண்டை ஒட்டிக் குவித்து வைத்திருந்தேன். அது என் தப்பு, இப்போது விலக்கிவிட்டேன்.

காய்ந்ததை வெட்டவும் பயமாக இருக்கிறது. இலையில்லாத பழைய கட்டையிலிருந்து தூஜா பெரும்பாலும் துளிர்க்காது. ஆழமாக வெட்டினால் ஓட்டை ஓட்டையாகவே நின்றுவிடும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மூன்றையும் தோண்டி, மேடு கட்டி மறுபடி நடலாமா, அல்லது வடிகால் மட்டும் வெட்டினால் தேறுமா? எடுத்துவிடுவதென்றால் அந்த ஈர மூலைக்கு வேறு எந்தப் பசுமை மாறா மரம் தாங்கும்? இடைவெளி ஐந்தடிதான். அப்புறம், நுனியைக் கிள்ளினால் பக்கவாட்டில் அடர்த்தியாகுமா? சீக்கிரம் மறைத்தால் போதும், அந்த மாடியிலிருந்து தினமும் எனக்குத் தோட்ட ஆலோசனை வருகிறது.