மூடிக் கிடக்கும் ரயில்வே சப்வேயைத் திறக்க வைக்க என்ன வழி?

கேள்வி கேட்டவர்: கேட்டோரம்

வடசென்னையில கும்மிடிப்பூண்டி லைனுக்கு அடியில ஆள் நடக்கிற சப்வே ஒண்ணு பல வருஷமா மூடிக் கிடக்கு. ரெண்டு வாசலையும் செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க. சுவர்ல இருக்கிற ஓட்டை வழியா டார்ச் அடிச்சா உள்ளே முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணி தெரியுது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை ஒரு பக்கம்; வீடுங்க எல்லாம் இன்னொரு பக்கம். சுத்திப் போக ஒன்றரை கிலோமீட்டர் ஆகுறதால ஜனங்க தண்டவாளத்தைத் தாண்டித்தான் போறாங்க.

மூணு தெரு சங்கம் சேர்ந்து இதைத் திறக்க இயக்கம் ஆரம்பிக்கிறோம். மனு ரயில்வேக்கா, மாநகராட்சிக்கா? எத்தனை கையெழுத்து வாங்கணும்? திறந்த பிறகு அடுத்த மழைக்கே மறுபடி குளமாகாம இருக்க என்ன வேலை செய்யணும்? சுவரை நாமளே இடிச்சு, மோட்டார் வச்சுத் தண்ணியை இறைச்சுடலாம்னு பசங்க சொல்றாங்க. விடலாமா?

பதில் 1 சொன்னவர்: பாலம் நம்பர்

கடைசிக் கேள்விக்குத்தான் முதல்ல பதில். விடாதீங்க. ரயில்வே சட்டம் 1989, 147-வது பிரிவுப்படி அத்துமீறி நுழைஞ்சா ஆறு மாசம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும். சட்டத்தை விட பெரிய ஆபத்து உள்ளே இருக்கு. சாக்கடை கலந்து தேங்கின தண்ணியைக் கலக்கினா ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமா இருக்கும்போது அழுகின முட்டை நாத்தம் வரும், 100 பி.பி.எம். (காத்துல பத்து லட்சத்துல 100 பங்கு) தாண்டினா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. நாலு வாயு காட்டும் மீட்டரைக் கயித்துல கட்டி இறக்கி, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல, ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்-க்குக் கீழ இருக்குன்னு உறுதியாகாம யாரும் தலையை உள்ளே நீட்டக் கூடாது. காசு கொடுத்து வேற ஆளை இறக்குறது அதைவிட மோசம்.

அவசரமா இறைக்கிறதுல இன்னொரு ஆபத்தும் உண்டு. வடசென்னையில கடலோரம் பெரும்பாலும் மணல், நிலத்தடி நீரும் மேலேயே நிக்கும். உள்ளே இருக்கிற தண்ணிதான் இப்போ வெளித் தண்ணியோட அழுத்தத்துக்கு ஈடு கொடுத்துக்கிட்டிருக்கு. அதைச் சட்டுனு காலி பண்ணினா ஜாயின்ட் வழியா வெளித் தண்ணி மணலையும் இழுத்துக்கிட்டு உள்ளே வரும். அந்த மணல் தண்டவாளத்துக்கு அடியில இருந்து வர்றது. அதனால இறைக்கிற தண்ணியை வாளியில பிடிச்சு அரை மணி நேரம் வச்சுப் பார்க்கணும். அடியில மணல் படிஞ்சா மோட்டாரை நிறுத்தணும். இது ரயில்வே இன்ஜினியர் பக்கத்துல நின்னு செய்ய வேண்டிய வேலை.

யாருக்கு மனுன்னு கேட்டீங்க. ரெண்டு பேருக்கும். வழக்கமா தண்டவாளத்துக்கு அடியில இருக்கிற கட்டுமானம் ரயில்வே பொறுப்பு. சரிவுப்பாதை, தரை, விளக்கு, வடிகால், மோட்டார் மாநகராட்சி பொறுப்பு. மூடினதுக்கு இந்தப் பங்கீட்டுலேயே காரணம் இருக்கலாம். அதனால மனுவுக்கு முன்னால ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம்) போடுங்க. ரெண்டு இடத்துக்கும் தனித்தனியா, பத்து ரூபாய் கட்டணம். "ஏன் மூடினீர்கள்?"னு கேட்டா, அது தகவல் இல்லைன்னு ஒரு வரியில தள்ளிடுவாங்க. ஆவண நகலாக் கேளுங்க: மூடச் சொன்ன உத்தரவு, பாலப் பதிவேட்டுல இந்த சப்வேக்கான பக்கம் (ரயில்வே கணக்குல சப்வேயும் ஒரு பாலம்தான்), கடைசி ஆய்வறிக்கை, பராமரிப்பு பத்தி ரயில்வேக்கும் மாநகராட்சிக்கும் நடுவுல இருக்கிற ஒப்பந்தம். வரைபடத்தைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்தா, அதே சட்டத்தோட 2(j) பிரிவுல நேர்ல பார்வையிடக் கேளுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு.

இடத்தை "ரேஷன் கடை எதிரே இருக்கும் சப்வே"ன்னு எழுதினா யாருக்கும் புரியாது. கட்டுமானத்துல பெயின்ட்ல எழுதியிருக்கிற பாலம் நம்பர், பக்கத்துல இருக்கிற மின்கம்பத்தோட நம்பர், ரெண்டையும் வெளியே நின்னே குறிச்சுக்குங்க. மேலே போறது 25,000 வோல்ட். செல்ஃபி கம்பு, அலுமினிய ஏணி எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம்.

பதில் 2 சொன்னவர்: சம்ப்மோட்டார்

தண்ணி பத்தி மட்டும் சொல்றேன். சப்வேக்குத் தண்ணி மூணு வழியில வரும்: ரோட்டுல இருந்து வழிஞ்சு வர்றது, சரிவுல நேரா பெய்யற மழை, சுவர்ல கசியறது.

ரெண்டு பக்கமும் சரிவுப்பாதை தலா 40 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்னு வைங்க. மொத்தம் 320 சதுர மீட்டர். மணிக்கு 60 மி.மீ. மழைன்னா மணிக்கு 19,200 லிட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் அஞ்சே கால் லிட்டர். இதைச் சின்ன மோட்டாரே தள்ளிடும். ஆனா வாசல்ல மேடு இல்லாம 2,000 சதுர மீட்டர் ரோட்டுத் தண்ணி உள்ளே இறங்கினா விநாடிக்கு 33 லிட்டர் கூடும். அதுக்கு எந்த மோட்டாரும் கட்டுப்படியாகாது. வாசல்ல ரோட்டை விட 300 மி.மீ. உயரமா மேடு கட்டி, சக்கர நாற்காலி ஏற ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவு (ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம்) கொடுங்க. ரோடு போடும்போதெல்லாம் மேல மேல தார் கொட்டி அந்த மேட்டை முழுங்கிடுவாங்க; பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் போடணும்னு எழுத்துல வாங்கிடுங்க.

சரிவுக்கு மேல கூரை போட்டா ரெண்டாவது வழியும் அடைபடும்.

மோட்டார்: விநாடிக்கு 10 லிட்டர், 7 மீட்டர் ஏத்தம். 3 ஹெச்.பி. சாக்கடை சப்மெர்சிபிள் ரெண்டு, ஒண்ணு ஓட, ஒண்ணு ரிசர்வ். 40 மி.மீ. திடப்பொருள் தாண்டுற இம்பெல்லரா (மோட்டாருக்குள்ள சுத்தற சக்கரம்) வாங்குங்க. பால் கவர், ஷாம்பு பாக்கெட் வந்து அடைக்கிறதுதான் பாதிப் பிரச்சினை. சம்ப்புக்கு (தண்ணி சேர்ற குழிக்கு) முன்னால 25 மி.மீ. இடைவெளி கம்பிச் சல்லடையும் மண் தங்க ஒரு தனித் தொட்டியும் வேணும். கரன்ட் போய் ஜெனரேட்டர் வர அரை மணி ஆகும்னு வச்சா சம்ப் 10,000 லிட்டர். வெளியேத்தற பைப் 100 மி.மீ. போதும்.

பைப் எங்கே போய் முடியுதுங்கிறதை யாரும் கேக்கறதில்லை. மழைநீர் வடிகால்ல விட்டா, அது பக்கிங்காம் கால்வாய்க்கோ கேப்டன் காட்டன் கால்வாய்க்கோ போகும். கால்வாய் நிரம்பி நிக்கும்போது நீங்க தள்ளின தண்ணி உங்ககிட்டயே திரும்பி வரும். நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். பைப் வாயும் ஸ்விட்ச் போர்டும் 2015 டிசம்பர்ல தண்ணி நின்ன கோட்டுக்கு அரை மீட்டர் மேல இருக்கட்டும். போர்டை சப்வேக்குள்ளேயே மாட்டுறாங்க, அதுதான் முதல்ல முழுகும்.

கசிவுக்கு: உள்ளே காலியானதும் சுவர்ல கோடு போட்டு ஒரு நாள் விடுங்க. தரை 90 சதுர மீட்டர்னு வச்சா, 10 மி.மீ. ஏறினா ஒரு நாளைக்கு 900 லிட்டர் கசிவு. கோடையில ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் ஒரு தடவை அளங்க. சாம்பிளை லேபுக்குக் கொடுங்க. அமோனியா அதிகம்னா சாக்கடைக் குழாய் உடைஞ்சிருக்கு. குளோரின் தெரிஞ்சா குடிநீர்க் குழாய். உப்பு பக்கத்து போர் தண்ணி மாதிரியே இருந்தா நிலத்தடி நீர். முதல் ரெண்டுக்கும் சப்வேல வேலையே இல்லை, குழாய்க்காரங்க வேலை. நிலத்தடி நீர்னா ஜாயின்ட்ல துளை போட்டு, விரிசலை அடைக்கிற பாலியூரித்தேன் கலவையை ஊசி மாதிரி உள்ளே செலுத்தணும். அதுக்கப்புறம் ஒரு மழைக்காலம் பார்த்துட்டுத்தான் பூச்சு. கசியற சுவர்மேல டைல்ஸ் ஒட்டி ரிப்பன் வெட்டுறதைத் தயவுசெஞ்சு தடுங்க.

பதில் 3 சொன்னவர்: மனுதாரர்

கையெழுத்து எண்ணிக்கைக்கு விதி எதுவும் இல்லை. ஆயிரம் கையெழுத்தை விட ஒரு பக்கக் கணக்கு அதிகம் பேசும். காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 8, கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டமாக எத்தனை பேர் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று வேலை நாள், ஒரு ஞாயிறு. பள்ளிப் பிள்ளைகள், முதியோர், சுமையோடு வருபவர்கள் என்று பிரித்து, அதே நேரத்தில் போன ரயில்களையும் குறியுங்கள். முகம் தெரிய வீடியோ எடுக்காதீர்கள். மேலே சொன்ன 147-க்கு நீங்களே சாட்சி தயாரித்துக் கொடுத்தது போல் ஆகிவிடும்.

பணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டுவதற்குக் கிடைக்கும், காப்பதற்குக் கிடைக்காது. எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் அது கட்டுமானத்துக்குத்தான். மின்கட்டணம், மோட்டார் ஆள் சம்பளம் போன்ற தொடர் செலவுக்கு அதில் இடமில்லை. மாநகராட்சி இடத்துக்குள் வரும் மேடு, விளக்குக்கு நமக்கு நாமே திட்டத்தை யோசிக்கலாம், மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. ரயில்வே தன் எல்லைக்குள் செய்யும் வேலைக்கு மாநகராட்சி பணம் கட்டுவதை டெபாசிட் வேலை என்பார்கள். மதிப்பீட்டின் மேல் மேற்பார்வைக் கட்டணமும் சேரும். ஆகவே "திறந்து தாருங்கள்" என்று மட்டும் கேட்காமல், "மோட்டாரையும் விளக்கையும் மாநகராட்சி ஏற்றுப் பராமரிக்கும்" என்ற தீர்மானத்தைக் கேளுங்கள். பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் எழுப்பி, வார்டு கமிட்டி வழியாக மாநகராட்சி மன்றத்துக்குப் போகட்டும். அந்தத் தீர்மான நகலோடு கோட்ட ரயில்வே மேலாளரிடம் போனால் பேச்சே வேறு.

இங்கிலாந்தில் கைவிட்ட ரயில் சுரங்கங்களை நடைபாதையாக்க இப்படி இயக்கங்கள் நடக்கின்றன. பாத் நகரத்தில் 1966-ல் ரயில் நின்ற 1,672 மீட்டர் சுரங்கம் 2013-ல் நடக்கவும் சைக்கிளுக்கும் திறந்தது. குயின்ஸ்பரி சுரங்கத்தில் நேர் எதிர்: தண்ணீர் இறைக்கும் மோட்டார் வைத்திருந்த நிலத்துக்கு வருஷ வாடகை வெறும் 50 பவுண்டு. அதைக் கட்டாமல் விட்டதால் குத்தகை போய், மோட்டார் நின்று, சுரங்கத்தின் ஒரு முனை வெள்ளக்காடானது. மக்கள் அதைத் திறக்கச் சொல்லிப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இது.

கேட்டோரம்

மூணு பேருக்கும் நன்றி. சம்ப்மோட்டார் சார், கூரைக்குத் தகர ஷீட் போதுமா? செலவு கம்மி.

பாலம் நம்பர்

அவருக்கு முன்னால நான் சொல்லிடறேன். மாநகராட்சிப் பக்கம் போடலாம். தண்டவாளத்தை ஒட்டி வேண்டவே வேண்டாம். 2016 வர்தா புயல் மாதிரி ஒண்ணு வந்து ஷீட் பறந்து மின்கம்பியில விழுந்தா லைனே நிக்கும். ரயில்வே எல்லைக்குள்ள கான்கிரீட் தளம்தான் கேளுங்க, அதுவும் அவங்க வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்த பிறகு. கூரை எதுவானாலும் அதுல விழற தண்ணி சரிவுக்குள்ள சொட்டாம வெளி வடிகாலுக்குப் போக காவாய் வைக்கச் சொல்லுங்க.

சம்ப்மோட்டார்

சரிதான். அந்த வெளிப்பக்கத் தகரத்துக்கும் ஜே-போல்ட்டை (ஷீட்டைப் பிடிக்கிற கொக்கி போல்ட்டை) ஒவ்வொரு மடிப்புலயும் போடணும், ஒண்ணு விட்டு ஒண்ணு போடக் கூடாது.