'உருவமையத் தன்மதிப்பீடு': ஒரு கலைச்சொல் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

பதின்பருவத்தினரின் உண்ணல் கோளாறுகள் பற்றிய கட்டுரைக்காக 'ஓவர் எவேலுவேஷன் ஆஃப் ஷேப் அண்ட் வெயிட்' (தன்னை மதிப்பிடுவதில் உடல் வடிவத்துக்கும் எடைக்கும் மிகுதியான இடம் கொடுப்பது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். 'உடல் மிகைமதிப்பு', 'அழகு மோகம்' என இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டுமே வேண்டாம் என்பேன்.

'உடல் மிகைமதிப்பு' என்றதும், தன் உடலைப் பற்றி ஒருவர் ரொம்ப உயர்வாக நினைக்கிறார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். நாம் பேசுவதோ பெரும்பாலும் தன் உடலை வெறுக்கிற பிள்ளையைப் பற்றி. 'மோகம்' இன்னும் மோசம். நோயைக் குணக்கேடாக்கிவிடும். சாப்பிட அடம்பிடிப்பதாக ஏற்கெனவே ஏச்சு வாங்கும் பிள்ளைமேல் கலைச்சொல்லும் பழிபோடக் கூடாது.

ஃபேர்பர்ன், கூப்பர், ஷாஃப்ரன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட கட்டுரை அனோரெக்ஸியா (எடை கூடும் அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைப்பது), புலிமியா (அளவுமீறி உண்டுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் ஈடுகட்டுவது) இரண்டுக்கும் பொதுவான மையமாக வைப்பது இந்தச் சிந்தனைப் போக்கைத்தான். படிப்பு, நட்பு, குடும்பம் என்று பலவற்றைக் கொண்டு தன்னை மதிப்பிடாமல், உடல் வடிவம், எடை, அவற்றைக் கட்டுக்குள் வைக்கும் திறன் ஆகியவற்றை வைத்தே முழுக்கவோ பெருமளவோ மதிப்பிட்டுக்கொள்வது. உடல் அதிருப்தி வேறு. கண்ணாடி முன் சலித்துக்கொள்ளும் பதின்பருவத்தினர் ஏராளம். பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. எடை அரைக் கிலோ கூடியதும் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று முடிவுகட்டுவதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

முதலில் 'உருவவழித் தன்மதிப்பு' என்று யோசித்தேன். உருவத்தால் கொஞ்சம் மதிப்புத் தேடுவது எல்லோரிடமும் உண்டு. 'வழி' அந்த மிகுதியைக் காட்டாது, 'மையம்' காட்டும். அப்புறம், 'தன்மதிப்பு' என்பது செல்ஃப் எஸ்டீமுக்கு வழங்கிவருகிறது. தன்மதிப்புக் குறைவை அதே கட்டுரை தனிக்கூறாகவே வைக்கிறது. ஆகவே 'உருவமையத் தன்மதிப்பீடு'. எடை இதில் இல்லையே என்று கேட்டால், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

'ரிஸ்க் ஃபேக்டர்' என்பதற்குக் கட்டுரை வரைவில் இருக்கும் 'இடர்க்காரணி' சரி. ஆனால் நோய்க்கு முன்பே இருப்பதுதான் இடர்க்காரணி என்று வரையறையில் கட்டாயம் எழுதுங்கள். வரைவில் எண்ண இறுக்கம் (பிடித்த எண்ணத்திலிருந்து எளிதில் மாற முடியாமை), ஓயாத உணவு நினைப்பு இரண்டும் அந்தத் தலைப்பின்கீழ் இருக்கின்றன. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், மனநலம் நன்றாக இருந்த 36 இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் உணவைக் குறைத்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் பலர் சமையல் புத்தகங்களில் மூழ்கினார்கள். ஆக, உணவு நினைப்பு பட்டினியாலேயே வரக்கூடியது. அதை 'பட்டினி விளைவு' என்று தனியே பிரித்துவிடலாம். எண்ண இறுக்கம் நோய்க்கு முந்தியதா பிந்தியதா என்பதற்கு வரைவில் சான்று இல்லை. சான்று கிடைக்கும்வரை 'தொடர்புடைய கூறு' என்றே இருக்கட்டும்.

'காக்னிடிவ்' என்பதற்கு 'அறிதிறன்' போட்டால் அறிவுக்குறைவு என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் 'சிந்தனைசார்' போதும்.

'உருவமைய' என்ற புணர்ச்சி யாருக்காவது உறுத்தினால் மாற்றுச் சொல்லுங்கள். 'மதிப்பீடு' மட்டும் விடுபட வேண்டாம்.