ரோபோ மாதிரிக்கு வண்ணம் முக்கியமா, நிற்கும் நிலை முக்கியமா?

கல்லடிவாசி எழுதியது:

யப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் வரும் இராட்சத ரோபோவான கன்டத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை முதன்முதலாகக் கட்டி முடித்த தம்பி ஒருவர், இனி என்ன செய்ய வேண்டும் என்று இங்கே கேட்டிருந்தார். வண்ணம் பூசி, கால்களைச் சேர்த்து நேராக நிறுத்தி, கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவிடுங்கள் என்று அவருக்கு மறுமொழி சொல்லப்பட்டிருக்கிறது. இந்த ஆலோசனையை நான் ஏற்கவில்லை. பண்டாய் நிறுவனம் 1980 யூலையில் 300 யென் விலையில் வெளியிட்ட முதலாவது 1/144 (144இல் ஒரு பங்கு அளவு) கன்டம் மாதிரியைப் பசை கொண்டு ஒட்டி, வண்ணமும் பூசினால்தான் அது தொலைக்காட்சியில் கண்ட உருவத்தைப் பெறும். இன்று நிலைமை வேறு. பகுதிகள் பெரும்பாலும் உரிய நிறத்திலேயே வார்க்கப்பட்டு, பசையின்றி ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பல மாதிரிகளில் முழங்கால் இரண்டு இடங்களில் மடிகிறது, தோள் முன்னோக்கி இழுபடுகிறது, கணுக்கால் இரு பக்கமும் சாய்கிறது. நிறத்தைத் தொழிற்சாலையே கொடுத்துவிட்ட பிறகு, கட்டுபவரின் கைக்கு மிஞ்சியிருப்பது நிலை கொடுக்கும் வேலைதான். விறைப்பாகவே நிறுத்துவதென்றால் இத்தனை மூட்டுகள் எதற்கு?

அக்கரைப்பற்று நானா எழுதியது:

தம்பி கல்லடிவாசி, நிறத்தைத் தொழிற்சாலை கொடுத்துவிட்டது என்பது தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே பொருந்தும். கரும்நீல நெஞ்சுப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பகுதிகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்தில், பிளாஸ்டிக் நெரிந்ததால் வந்த வெள்ளைத் தழும்பு நிற்கும். அதற்கு மேலாக, வெறும் பிளாஸ்டிக்கின் பளபளப்பு அளவையே கெடுத்துவிடுகிறது. 18 மீற்றர் உயரமான உலோக உடல் என்று நம்பவேண்டிய ஒன்று, அந்த மினுக்கத்தால் கைக்கடக்கமான விளையாட்டுச் சாமானாகவே தெரிகிறது. வண்ணமும், பளபளப்பை அடக்கும் மங்கற்பூச்சும் இல்லாமல் எத்தகைய நிலை கொடுத்தும் பயனில்லை. அத்துடன், மூட்டை ஆட்ட ஆட்ட அது தளரும். பாரமான துப்பாக்கியைப் பிடித்த கை ஒரு கட்டத்தில் தானாகவே கீழே இறங்கத் தொடங்கும். வண்ணம் பூசிய மூட்டையோ ஆட்டவே கூடாது; பூச்சின் தடிப்பால் உராய்ந்து, நிறம் உரிந்து போகும். ஆகவே நேராக நிறுத்துவது அறியாமையால் சொல்லப்படும் ஆலோசனை அல்ல, பாதுகாப்புக்காகச் சொல்லப்படுவது.

காரைதீவுக் கரையோரம் எழுதியது:

நானாவின் கருத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் மங்கற்பூச்சை எங்கே, எப்போது அடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு வெண்புகை படிந்ததுபோல வெளிறிவிடும். கறுப்புப் பகுதிகளில் இது மிக மோசமாகத் தெரியும். மழை விட்ட, வெயில் எறிக்கும் முற்பகலில், மெல்லிய படைகளாக அடிப்பதே நல்லது. மாதிரியின் மேற்பரப்பில் செதுக்கிய கோடுகள் எடுப்பாகத் தெரிவதற்காக அவற்றுக்கு மை ஊற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மையில் உள்ள எனாமல் கரைப்பான், இறுக்கமாகப் பொருந்தியிருக்கும் பகுதிகளின் வெடிப்புகளுக்குள் இறங்கி, குறிப்பாக ஏபிஎஸ் என்ற வகைப் பிளாஸ்டிக்கை உடைத்துவிடும். பகுதிகளைக் கழற்றி வைத்த பிறகே அந்த வேலையைச் செய்யுங்கள்.

கல்லடிவாசி எழுதியது:

நானா, தழும்பை நீக்குவதும் வண்ணம் பூசுவதும் வெவ்வேறு வேலைகள். நிப்பரால் (வெட்டுக் குறட்டால்) முதலில் பகுதியிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சிய துண்டை இரண்டாவது வெட்டில் எடுத்து, 400ஆம் இலக்கத்திலிருந்து (சொரசொரப்பானது) 1000 வரையான (மென்மையானது) மண்கடதாசிகளைத் தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேய்த்தால், பெரும்பாலான தழும்புகள் வண்ணமின்றியே மறையும். மங்கற்பூச்சுக்கு நான் எதிரானவன் அல்லன். அது தடிப்பாகப் படிவதில்லை, மூட்டையும் தடுக்காது. தளர்ந்த பந்து மூட்டுக்கும் வழி உண்டு. அதைக் கழற்றி, சுப்பர் குளூவை மெல்லிய படையாகப் பூசி, முற்றாகக் காய்ந்த பிறகு பொருத்தினால் பிடி திரும்பிவிடும்.

நிலை கொடுப்பதை அலங்காரமாக எண்ணுவதால்தான் பலர் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கையைத் தூக்குவதிலிருந்து தொடங்கினால் எந்த நிலையும் பொய்யாகவே தெரியும். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தை, வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாரமான உடுப்போடு ஆடுகிறவர் வில்லை ஓங்கும்போது, பின்காலில் பாரத்தை இறக்கி இடுப்பைத் திருப்பிய பின்னரே தோள் எழும்புகிறது. அதனால்தான் எந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தாலும் அந்த நிலை மெய்யாக இருக்கிறது. மாதிரிக்கும் அதே ஒழுங்குதான். முதுகுப் பொதி பாரமானதாக இருந்தால் ஒரு காலைப் பின்னே வையுங்கள். இரண்டு பாதங்களும் முழுமையாக மேசையில் படியும்வரை கணுக்காலைச் சரிசெய்யுங்கள். பாதத்தின் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் பாரமே தெரியாது. இடுப்பு ஒரு பக்கம் திரும்பினால் நெஞ்சைச் சற்று மறுபக்கம் திருப்பி, தலையை இலக்கை நோக்கி வையுங்கள். கைகளை அதன் பிறகு தொட்டால் போதும்.

அளவு தெரியவில்லை என்று சொன்னீர்கள். 1/144 அளவில் 18 மீற்றர் உடல் 12.5 சென்ரிமீற்றர் ஆகிறது. அதன் அருகில் நிற்கும் மனிதனின் கண் மேசையிலிருந்து ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கும். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, கமராவை அந்த உயரத்தில் வைத்து, மேல்நோக்கிப் படம் எடுத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்று நானா எழுதியது:

படத்துக்கு அது சரியாக இருக்கலாம். அலுமாரியில் இருப்பதை யாரும் 1 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து பார்ப்பதில்லை. மூட்டின் உராயும் பரப்புகளுக்கு முன்கூட்டியே ஒட்டுநாடா போட்டு மறைத்துவிட்டு வண்ணம் பூசினால், நீங்கள் கேட்கும் நிலையையும் ஓரளவுக்குக் கொடுக்கலாம் என்பதை நானும் சொல்லிவைக்கிறேன். ஆனாலும், வண்ணம் பூசியவர் அந்த மாதிரியின் ஒவ்வொரு மூலையையும் கண்ணால் தொட்டிருக்கிறார். அந்த உழைப்பை நிலை கொடுப்பதற்கு அடுத்த இடத்தில் வைக்க என்னால் முடியாது.

கல்லடிவாசி எழுதியது:

அந்த உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை, நானா. கேள்வி கேட்டவர் இப்போதுதான் முதலாவதைக் கட்டி முடித்தவர். அவரிடம் ஸ்பிரேயும் இல்லை, மழைக்காலமும் தொடங்கிவிட்டது. தம்பி, தழும்புகளைத் தேய்த்து எடுத்துவிட்டு, இன்றைக்கே அதன் ஒரு காலைப் பின்னே வைத்து நிறுத்திப் பாருங்கள். விழுந்தால் இடுப்பிலிருந்து திருத்துங்கள். மங்கற்பூச்சுக்கு மழை விடட்டும்.